மூன்று அங்குலக் கட்டையும் என் ஜிப்சியின் ஆர்.சி. ரின்யூவலும்

பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறக்கக்கூடச் சொல்லவில்லை. வண்டிக்கு முன்னால் குனிந்து, பம்பருக்கும் கிரில்லுக்கும் நடுவே கையை விட்டார். மணிக்கட்டு வரை உள்ளே போனது. "பாடியத் தூக்கி வச்சிருக்கீங்க. கம்பெனி எப்படிக் கொடுத்துச்சோ அப்படி ஆக்கி எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். காலை ஏழு மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வந்து வரிசையில் நின்றது, லீவு போட்டது எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீண்.

அன்று அவர்மேல் எனக்கு இருந்த கோபம் இன்று இல்லை. ஆனால் நான் அலைந்த அலைச்சல் இன்னொருவருக்கு வரக்கூடாது.

வண்டி 2010 மாடல் மாருதி ஜிப்சி கிங், ஜீப் மாதிரி வண்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு பொள்ளாச்சிப் பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். 31 அங்குல டயர், கட்டை வைத்து பாடியை மூன்று அங்குலம் தூக்கிய பாடி லிஃப்ட். பார்க்க அவ்வளவு கம்பீரமாக இருந்தது. "லிஃப்ட் பக்காவா போட்டதுங்க" என்றார் விற்றவர். எந்தப் பட்டறை, என்ன போல்ட் என்று நான் கேட்கவில்லை. ஆர்.சி.யின் பதினைந்து வருடம் முடிகிறதே என்று ரின்யூவலுக்குப் போனபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

ஃபார்ம் 25, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பசுமை வரி, 5,000 ரூபாய் ஃபீஸ்: இதெல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. கெடு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்துதான் விண்ணப்பிக்கலாம். நான் 41 நாள் இருக்கும்போது போனேன். லிஃப்ட் போட்ட வண்டியென்றால் 60-ஆவது நாளே போய்விடுங்கள். திருப்பி அனுப்பினால் சரிசெய்ய அந்த நாட்கள் அத்தனையும் தேவைப்படும்.

"ஊரெல்லாம் லிஃப்ட் போட்டு ஓட்டுறாங்களே" என்று நானும்தான் கேட்டேன். ஓட்டுகிறார்கள். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் இது இடிக்கும். கையில் நான்கு தாள் வைத்துக்கொண்டு கவுன்டரில் வாதாடிப் பயனில்லை. நான் அரை மணி நேரம் வாதாடிப் பார்த்தேன்.

பாடி லிஃப்ட் என்றால் சேஸிஸ் என்ற அடிச்சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்து பாடியை மட்டும் மேலே தூக்குவது. இதனால் வண்டிக்கு அடியில் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. அச்சில் இருக்கும் கியர் உருண்டையான டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஜிப்சி கிங்குக்கு வந்த 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மில்லிமீட்டர். 31 அங்குல டயருக்கு 787. அச்சு ஆறு சென்டிமீட்டர் உயர்கிறது. அதற்கு மேல் கட்டை ஏழரை. ஆக, 1,540 மில்லிமீட்டர் அகலம்தான் உள்ள ஒல்லி வண்டியின் பாடி, அதில் உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு சேர்ந்து, பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. ஸ்பீடோமீட்டர் 50 காட்டும்போது வண்டி 59-ல் ஓடுகிறது. டயர் பெரிதானதால் அதே மிதிக்கு பிரேக் பிடியும் குறைகிறது. ரோட்டில் ஆடுகிறதே என்று ஷாக் அப்சார்பரை மாற்றினேன். ஆட்டம் குறையவே இல்லை.

இன்னொரு அறிகுறியையும் தவறாகப் படித்தேன். எஸ்டேட் பாதை இறக்கத்தில், நான்கு சக்கரமும் மெதுவாக, பலமாகச் சுற்றும் ஃபோர் லோ கியரைப் போட்டால் சில நேரம் லிவர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடும். இறக்கத்தில் இன்ஜின் பிடி திடீரென்று விட்டுப்போனால் வயிறு என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். இழுவையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் பல் தேய்ந்திருக்கும் என்று பிரித்துப் பார்க்க 9,000 ரூபாய் செலவு. உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. காரணம் கட்டைதான். பாடி மேலே போய்விட்டது, லிவர் கீழே சேஸிஸோடு இருக்கிறது. வண்டியின் தரைத் தகட்டில் உள்ள ஓட்டையின் விளிம்பு லிவரை இடித்து, முழுசாக விழவிடாமல் தடுத்திருக்கிறது. லிஃப்ட் போட்ட வண்டியில் கியர் நழுவினால் முதலில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கேஸைப் பிரிக்காதீர்கள்.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் பழைய ஜீப் வேலையில் தேர்ந்தவர். அந்த அண்ணன் என் வண்டியை ரேம்ப்பில் ஏற்றி, டார்ச் அடித்துச் சுற்றி வந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாருங்க. ஒரே வண்டியில மூணு சாதிக் கட்டை."

முன்பக்கம் லேத்தில் கடைந்த நைலான் கட்டை. நடுவில் தண்ணீர் பைப்பை அறுத்த துண்டுகள். பின்னால் மரம், அதன்மேல் டயர் ரப்பர். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு அமுங்கும் என்பதால் பாடி வலதுபக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது. பைப்பின் வாய் தரைத் தகட்டைக் கடித்து வட்டமாகத் தடம் போட்டிருந்தது. மரக்கட்டை ஒன்று மழைத் தண்ணீர் குடித்து நெடுக்கப் பிளந்திருந்தது.

போல்ட் அதைவிட மோசம். போல்ட்டே இல்லை, ஹார்டுவேர் கடையில் நீளத்துக்கு வெட்டிக் கொடுக்கும் மரை ராடு. இரண்டு பக்கமும் நட்டு போட்டு இறுக்கியிருந்தார்கள். தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டின் இழுவிசைத் தாங்குதிறனில் சாதாரண மரை ராடு பாதியளவுதான் தாங்கும். கம்பெனி அமைப்பில் பாடி மெல்லிய ரப்பர் புஷ்மேல் சேஸிஸை ஒட்டி உட்காரும், போல்ட் அழுத்திப் பிடித்தால் போதும். நடுவில் மூன்று அங்குலக் கட்டை வந்ததும் அதே போல்ட் நட்டுவைத்த முளைக்குச்சி மாதிரி ஆகிவிடுகிறது. வண்டி எதிலாவது மோதினால் சேஸிஸ் நின்றுவிடும், பாடி நம்மையும் சுமந்துகொண்டு முன்னே போகப் பார்க்கும். அத்தனை பளுவும் அந்தக் குச்சியை வளைக்கத்தான் வரும். நாங்கள் கழற்றிய ராடுகளில் நான்கு ஏற்கெனவே வளைந்திருந்தன. வண்டி எதிலும் மோதியதில்லை, வெறும் மலைப்பாதைக் குலுக்கலில் வளைந்தவை அவை.

ஆனால் எனக்குத் தூக்கம் போனது கட்டையால் அல்ல, ஸ்டியரிங் ஷாஃப்டால். ஸ்டியரிங் வீல் பாடியில் இருக்கிறது, ஸ்டியரிங் பாக்ஸ் சேஸிஸில். பாடி மேலே போனால் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் எட்டாது. அதற்கென்று முறையாகச் செய்த நீட்டிப்புத் துண்டு போட வேண்டும். என் வண்டியில் ஷாஃப்டைக் குறுக்கே அறுத்து, பைப் செருகி, வெல்டிங் வைத்திருந்தார்கள். மேலே கருப்பு பெயிண்ட். அண்ணன் எமரி தாளால் பெயிண்டைத் தேய்த்தார். வெல்டிங்கின் ஓரத்தில், சுற்றளவில் கால்வாசிக்கு, தலைமுடி போல ஒரு கோடு.

"இத வச்சுக்கிட்டா வால்பாறை போய்ட்டு வந்தீங்க?"

இரண்டு மாதத்துக்கு முன்புதான் போயிருந்தோம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. பின்சீட்டில் அம்மா, மடியில் என் மகள். ஒன்பதாவது வளைவில் நிறுத்தி, கீழே அணையைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கோடு ஒருபக்கம் முறுக்கி, மறுபக்கம் முறுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டிருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட ஓரத்தில் இரும்பு மொறுமொறுப்பாகிவிடும், விரிசல் அங்கேதான் விழும் என்றார் அண்ணன். பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

பிரேக் பைப்பும் அப்படித்தான். மாஸ்டர் சிலிண்டர் பாடியில், லைன் ஓடுவது சேஸிஸில். அசைவுக்காகக் கம்பெனி விட்ட வளையத்தை இழுத்து நேராக்கியே மூன்று அங்குலத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். நட்டுக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் கசிந்து பெயிண்ட் உரிந்திருந்தது. ரேடியேட்டர் பாடியோடு மேலே போய்விட, ஃபேன் கவரின் கீழ்விளிம்பை ஃபேன் உரசி மழித்திருந்தது. பெட்ரோல் ஊற்றும் ஹோஸ் டேங்க் வாயில் நுனியில் மட்டும் பிடித்திருந்தது. ஃபுல் டேங்க் அடித்தால் பெட்ரோல் வாடை வருவதற்கு இதுதான் காரணம்.

இறக்குவது இரண்டு நாள் வேலை என்றார் அண்ணன். பதினொரு நாள் ஆனது. துருப்பிடித்த ராடு கழலவில்லை, கட்டரால் அறுக்க வேண்டியிருந்தது. பொறி பறக்கும் வேலை, அதனால் டேங்க்கைக் காலி செய்து கழற்றி வெளியே வைத்த பிறகே தொடங்கினார். இதில் அவசரப்படுகிற பட்டறையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பாடிக்கு ஓரிடத்தில் மட்டும் ஜாக்கி கொடுத்தால் தகடு மடங்கும். நீளப் பலகை வைத்து, இரண்டு பக்கமும் மாறி மாறி, அரை அங்குலம் அரை அங்குலமாக இறக்க வேண்டும்.

ஷாஃப்டுக்காகச் சென்னை புதுப்பேட்டை வரை போனேன். ராத்திரி பஸ், காலையில் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றைக் கண்டுபிடித்து 2,500 கொடுத்து வாங்கி வந்தேன். பல் ஒத்துப்போகவில்லை. பழையதைத் துண்டாகவாவது கையில் எடுத்துப் போயிருக்க வேண்டும். போட்டோவைக் காட்டி வாங்கியது என் தவறு. கடைசியில் கோவை உக்கடத்தில், ஒரு பழைய இரும்புக் கடையில், வெட்டுப்படாத ஷாஃப்ட் கிடைத்தது. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். புஷ், 8.8 போல்ட், பிரேக் பைப், ஹோஸ், பழைய அளவு டயர், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய்.

இரண்டாவது தடவை வண்டியோடு போனபோது வேறொரு தடை. சரிசெய்ததற்குப் பட்டறை பில் வேண்டும் என்றார் கவுன்டரில் இருந்தவர். முதல்முறை அதை ஒருவரும் சொல்லவில்லை. "சார், வண்டி வெளிய நிக்குது, ஒரு தடவை வந்து பாருங்க" என்றேன். தலையை நிமிர்த்தவில்லை. அண்ணனிடம் அச்சடித்த பில் புத்தகமே கிடையாது. அவருடைய மகன் உட்கார்ந்து, ஒவ்வொரு வேலையையும் வரியாக எழுதி, சீல் செய்துகொண்டு வந்து குத்திக் கொடுத்தான். என்ன கேட்டாலும் "எழுத்துல கொடுங்க" என்று அப்போதே கேட்டு வாங்குங்கள். நான் கேட்கத் தவறியதில் இன்னொரு லீவு போனது.

மூன்றாவது தடவை, கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, அதே இன்ஸ்பெக்டர். குனிந்து பார்த்தார், சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார், ஓட்டிப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிடம். இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. கையில் இருக்கிறது.

லிஃப்ட் போட்ட பழைய ஜிப்சியோ ஜீப்போ வாங்கப் போகிறவர்கள், காசு கொடுக்கும் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்து டார்ச் அடியுங்கள். கட்டை எல்லாம் ஒரே சாதியா, போல்ட் தலையில் எண் இருக்கிறதா, ஸ்டியரிங் ஷாஃப்டில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஷாஃப்டில் வெல்டிங் இருந்தால் விலை பேசவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்குக்கூட ஓட்டாதீர்கள்.

போன வாரம் 31 அங்குல டயரை வாங்க ஒரு பையன் வந்தான். "அண்ணா, அந்த நைலான் கட்டையும் இருந்தா குடுங்க, என் வண்டிக்குப் போட்டுக்கறேன்" என்றான். உள்ளே போய் ஷாஃப்டை எடுத்து வந்து விரிசலைக் காட்டினேன். ரொம்ப நேரம் விரலால் தடவிப் பார்த்தான். டயரை மட்டும் கொடுத்தேன். கட்டைகளை அன்று சாயங்காலமே பட்டறையில் கட்டர் வைத்து நான்கு நான்காக அறுத்துப் போட்டோம்.