மச்சுக்குள் தேங்கும் வெயில்

போன கோடையில் ஓர் இரவு, பத்தரை மணிக்கு அம்மா கூப்பிட்டார். "மேலே இன்னும் வெயிலடிக்குதுடா, என்னன்னு பாரேன்." ஸ்டூல் போட்டு ஏறி, அவர் அறைச் சீலிங்கில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் நெற்றியைத் தொட்டதுபோல் இருந்தது. வெளியே காற்று எப்போதோ குளிர்ந்துவிட்டது. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் மச்சு மட்டும், பகலெல்லாம் வாங்கிய சூட்டை அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மச்சில் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். மாலை நான்கு மணிக்கு வெளியே நிழலில் 38 டிகிரி, உள்ளே 57. அப்பாவின் புகைப்பட ஆல்பங்கள் அங்கேதான் இருந்தன. ஒன்றைத் திறந்தேன். படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. அதைப் பார்த்தபிறகு இதைத் தள்ளிப்போட மனசு வரவில்லை.

அவசரத்தில் முதலில் செய்தது தப்பு. எக்சாஸ்ட் ஃபேன் ஒன்றை வாங்கி மச்சுச் சுவரில் மாட்டினேன். மச்சு கொஞ்சம் தணிந்தது, ஆனால் கீழே ஏசி ஓயாமல் ஓடியது. காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. மச்சுக்கு ஏறும் கதவின் இடுக்கில் டிஷ்யூ பேப்பரைக் கீற்றாகக் கிழித்துப் பிடித்தேன். கீற்று மேல்நோக்கி நிமிர்ந்து, இடுக்குக்குள் இழுத்துக்கொண்டது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாததால், காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றைத்தான் ஃபேன் உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

வழி ஏன் இல்லை என்று டார்ச் அடித்துத் தேடினேன். கூரை சுவரைத் தாண்டி இறங்கும் இடத்தில் காற்றுத் துளைகள் வரிசையாக இருந்தன. பறவை நுழையாமலிருக்க யாரோ எப்போதோ அவற்றில் துணியை அடைத்திருக்கிறார்கள். துணியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலை அடித்தேன். முகட்டுக்குப் பக்கத்திலும் அதே அளவுக்குத் திறப்பு வைத்தேன். சூடான காற்று மேலே ஏறி வெளியேறும், அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வரும். இரண்டில் ஒன்று அடைத்திருந்தாலும் ஓட்டம் நின்றுவிடும். கட்டட விதிகளில் பரவலாக இருக்கும் கணக்கு இது: கீழும் மேலும் பாதிப் பாதியாகத் திறப்பு இருந்தால் மச்சுத் தரைப்பரப்பில் 300-இல் ஒரு பங்கு, இல்லையென்றால் 150-இல் ஒரு பங்கு. முதல் கணக்குப்படி 600 சதுர அடி மச்சுக்கு மொத்தம் இரண்டு சதுர அடி. வலைக் கம்பி மறைக்கும் இடத்தை இதில் சேர்க்கக் கூடாது.

கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை ஒட்டினேன். வயர் இறங்கும் ஓட்டைகளை அடைத்தேன். குளியலறை ஃபேனின் குழாய் ஈரக்காற்றை மச்சுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது, அதையும் வெளியே நீட்டினேன். பழைய ஃபேனைக் கழற்றிவிட்டேன்.

ஆனால் காற்றோட்டம் மட்டும் போதாது. மச்சில் நின்றால் தலையில் அடுப்பு எரிவதுபோல் இருக்குமே, அது பெரும்பாலும் கூரைப் பலகையிலிருந்து நேராக இறங்கும் கதிர்வீச்சு. காற்றை மாற்றினாலும் அது நிற்காது. அதற்குத்தான் அலுமினியத் தாள். கைமரங்களின் அடிப்பக்கத்தில், பளபளப்பு கீழே பார்க்கும்படி ஸ்டேபிள் அடித்தேன். மேலே பார்த்தால் தூசி படிந்து வேலை கெடும். பளபளப்பான பக்கத்தை ஒட்டி காற்று இடைவெளி இருக்க வேண்டும், எதன்மேலாவது ஒட்டிவிட்டால் அது வெறும் தகடுதான். கீழ் ஓரத்திலும் முகட்டிலும் சில அங்குலம் விட்டேன், தாளுக்குப் பின்னால் தேங்கும் சூடான காற்று வெளியேறுவதற்காக.

அகச்சிவப்புத் தெர்மாமீட்டர், அதாவது தொடாமலே சூட்டை அளக்கும் கருவி, வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தாளை நோக்கிப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் ஆசைப்படும் அளவுக்குக் குறைவாகக் காட்டும். பளபளப்பான பரப்பு எதிரில் இருப்பதன் சூட்டைத்தான் பிரதிபலிக்கிறது. தாளில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, சற்று நேரம் கழித்து அந்த டேப்பை அளந்தால்தான் உண்மை தெரியும்.

சீலிங்கின் மேல் கிளாஸ் வூல் (கண்ணாடி இழைப் பஞ்சு) விரித்தேன், முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டையோடு. ஓரத்துத் துளைகளை அது மூடிவிடாமல் அட்டையை வளைத்துத் தடுப்பு வைத்தேன். கிளாஸ் வூல் சூட்டைத் தாமதப்படுத்தும், விரட்டாது. மேலே சூட்டைக் குறைக்காமல் இதை மட்டும் போட்டவர்கள் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். கூரைக்கு வெளியே வெள்ளைப் பூச்சு அடுத்த வேலை.

எல்லாவற்றையும் விடியற்காலை ஐந்தரையிலிருந்து எட்டு மணிக்குள் செய்தேன், கீழே ஒருவரை நிற்கவைத்து. பகலில் தயவுசெய்து ஏறாதீர்கள். அந்தச் சூட்டில் மயக்கம் வந்தால் இறங்க முடியாது.

இந்தக் கோடையில் அதே 38 டிகிரி நாளில் மச்சு 43 காட்டியது. அம்மா இரவில் கூப்பிடுவதில்லை. அப்பாவின் ஆல்பங்களை மட்டும் மேலே திருப்பி வைக்கவில்லை. 43-ம் அவற்றுக்கு அதிகம். என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.