இன்ஹெரிட்டன்ஸ் இல்லாமலே பாலிமார்ஃபிசம்

ஒரே வேலையைக் கேட்டால் ஒவ்வொரு வகைப் பொருளும் அதைத் தன் வழியில் செய்வதுதான் பாலிமார்ஃபிசம். அப்படிப் பேச்செடுத்தாலே அனிமல் என்று ஒரு கிளாஸ் (பொருளுக்கான வார்ப்பு), அதற்குக் கீழே அதன் கோடை வாரிசாகப் பெறும் நாய், பூனை என்று இன்ஹெரிட்டன்ஸ் படம் போட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் படத்தில் எனக்குள்ள குறை, அது இரண்டு தனித்தனி விஷயங்களை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறது என்பதுதான். ஒன்று, 'இந்தப் பொருளிடம் இந்த வேலையைக் கேட்கலாம்' என்ற உத்தரவாதம். இன்னொன்று, ஏற்கெனவே எழுதிய கோடை மறுபடி பயன்படுத்துவது. பாலிமார்ஃபிசத்துக்கு முதலாவது மட்டும் போதும்.

சி மொழியில் கிளாஸே கிடையாது. ஆனாலும் லினக்ஸ் கெர்னலில் ஃபைல் ஆபரேஷன்ஸ் என்று ஒரு ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளின் தொகுப்பு) இருக்கிறது, உள்ளே ரீட், ரைட், ஓப்பன் என்று பெரும்பாலும் ஃபங்ஷன் பாயின்டர்கள், அதாவது ஃபங்ஷன்களின் முகவரிகள்தான். ஃபைல் சிஸ்டமோ டிவைஸ் டிரைவரோ தன்னுடைய ஃபங்ஷன்களை அதில் நிரப்பிக் கொடுத்துவிடும், அப்புறம் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபைலாக இருந்தாலும் சரி, சீரியல் போர்ட்டாக இருந்தாலும் சரி, ரீட் என்று கூப்பிடும் கோடு மாறவே மாறாது. சி++ கம்பைலர்கள், கீழுள்ள கிளாஸ் மாற்றி எழுதக்கூடிய விர்ச்சுவல் ஃபங்ஷனுக்காக மறைவில் கட்டும் வீடேபிள் என்ற ஃபங்ஷன் பாயின்டர் பட்டியலும் அடிப்படையில் இதே வேலைதான். இங்கே அதைக் கையால் எழுதுகிறார்கள், அவ்வளவே.

2009இல் வெளிவந்த கோ மொழி இதை இன்னும் அழகாகச் செய்கிறது. இன்டர்ஃபேஸ் என்பது ஒரு டைப்பிடம் என்னென்ன மெத்தடுகள் (அதற்குரிய ஃபங்ஷன்கள்) இருக்க வேண்டும் என்ற பட்டியல். கோவில் ஐஓ ரைட்டர் என்ற இன்டர்ஃபேஸில் இருப்பது ரைட் என்ற ஒரே ஒரு மெத்தட். அந்த மெத்தட் சரியான வடிவத்தில் யாரிடம் இருக்கிறதோ அவர் ரைட்டர், 'நான் இதை இம்ப்ளிமென்ட் செய்கிறேன்' என்று எங்கேயும் எழுதி வைக்க வேண்டாம். ஃபைல், மெமரி பஃபர், நெட்வொர்க் கனெக்ஷன் எல்லாமே ரைட்டர்தான். டேட்டாவைச் சுருக்கும் ஜிஜிப் ரைட்டர் இன்னொரு ரைட்டரை வாங்கிக்கொண்டு தானும் ஒரு ரைட்டராக நிற்கிறது, அதனால் சுருக்கிய டேட்டா ஃபைலுக்குப் போகிறதா நெட்வொர்க்குக்குப் போகிறதா என்று அது கவலைப்படுவதே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்: வேறு யாரோ எழுதிய லைப்ரரியைத் தொடாமலே, எனக்குத் தேவையான இரண்டு மெத்தடுக்கு மட்டும் நானே ஒரு இன்டர்ஃபேஸ் எழுதிக்கொள்ளலாம், அந்த லைப்ரரியின் டைப் தானாக அதில் பொருந்திவிடும்.

ரஸ்ட் மொழியில் இன்டர்ஃபேஸின் இடத்தில் இருப்பது ட்ரெய்ட். அதன் வேர் ஹாஸ்கெல் மொழியின் டைப் கிளாஸில் இருக்கிறது, அந்த யோசனையை வாட்லரும் ப்ளாட்டும் 1989இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார்கள். ஜெனரிக்காக, அதாவது டைப்பைக் காலியாக விட்டு எழுதினால் ஒவ்வொரு டைப்புக்கும் தனித்தனி கோடு கம்பைல் ஆகும், டின் (dyn) என்று போட்டால் எதை ஓட்டுவது என்ற முடிவு புரோகிராம் ஓடும் ரன்டைமுக்குப் போகும், பாயின்டரும் டேட்டாவுக்கு ஒன்று, வீடேபிளுக்கு ஒன்று என்று இரட்டிப்பாகிவிடும். எந்த இடத்தில் என்ன விலை கொடுக்கிறோம் என்பது கோடிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு டைப்புக்கு ட்ரெய்ட்டை இம்ப்ளிமென்ட் செய்ய ஒரு கட்டுப்பாடும் உண்டு, ட்ரெய்ட் அல்லது டைப், இரண்டில் ஒன்றாவது நம்முடையதாக இருக்க வேண்டும்.

சரி, டைப்புகள் எத்தனை என்பது முன்கூட்டியே தெரியும், இனி புதிதாகச் சேராது என்றால்? அப்போது எல்லா வகைகளையும் பட்டியலிடும் ஈனமும் (enum), வகைக்கு ஏற்ப வேலையைப் பிரிக்கும் மேட்சும் (match) போதும், இன்டர்ஃபேஸ் எதற்கு.

ஜாவாவிலிருந்து கோவுக்கு வருபவர்கள் தடுமாறுவது எம்பெடிங்கில். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இன்னொன்றை வைத்தால் உள்ளே இருப்பதன் மெத்தடுகள் வெளியேயும் கிடைக்கும், பார்க்க இன்ஹெரிட்டன்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் வெளி ஸ்ட்ரக்டில் அதே பெயரில் வேறு மெத்தட் எழுதினாலும், உள்ளே இருப்பது தன் மெத்தடைக் கூப்பிடும்போது தன்னுடையதைத்தான் கூப்பிடும், வெளியே இருப்பது அதற்குத் தெரியாது. பலருக்கு இது குறையாகப் படுகிறது. எனக்கு இது பெரிய நிம்மதி, உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்டைப் படிக்கும்போது, வெளியே யார் எதை மாற்றி வைத்திருப்பார்கள் என்று தேடி அலைய வேண்டாம். மாற்றக்கூடிய இடம் ஒன்று வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷனையோ இன்டர்ஃபேஸையோ ஃபீல்டாக வைத்துவிடுங்கள், படிப்பவருக்கும் அது உடனே தெரியும்.