புகையானுக்கு அடித்துவிட்டுப் பொறுத்திருப்பது

வீராணம் பாசனத்தில் விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனை சொல்வது என் வேலை. கார்த்திகை, மார்கழியில் சம்பா நெல்லில், அடித்தண்டில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியின் குஞ்சுகள் தெரிந்தால் புப்ரோஃபெசின் என்ற பூச்சிமருந்தைத்தான் முதலில் சொல்வேன். அடித்த மறுநாளே போன் வரும். "சார், பூச்சி அப்படியே நிக்குது. மருந்து டூப்ளிகேட்டா?"

மருந்தில் குறை இல்லை. குஞ்சு வளர வளர அதன் தோல் பத்தாமல் போகும். பழையதை உரித்துப் புதிதைப் போட்டுக்கொள்ளும். அந்தப் புதுத் தோலைக் கெட்டியாக வைக்கும் கைட்டின் என்ற பொருள் உருவாகாமல் புப்ரோஃபெசின் தடுத்துவிடுகிறது. அதனால் அடுத்த தோலுரிப்பு வரும்வரை குஞ்சு உயிரோடுதான் இருக்கும். மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். வளர்ந்த பூச்சி இதில் சாகாது. ஆனால் அது இடும் முட்டை குறையும், பொரிப்பதும் குறையும். வயலில் இறக்கை வளர்ந்த பூச்சிகளே அதிகம் என்றால் இந்த மருந்துக்கு நேரம் கடந்துவிட்டது.

நாலைந்து நாள் கழித்து அந்த வயலுக்குப் போவேன். குத்தை விலக்கி அடித்தண்டைத் தட்டினால் குஞ்சுகள் தண்ணீரில் விழும். சிலவற்றுக்குப் பழைய தோல் முழுதாகக் கழலாமல் உடம்போடு ஒட்டிக் கிடக்கும். பக்கத்திலேயே சிலந்தி ஓடும். "அண்ணே, இதையும் பாருங்க" என்பேன். இந்த மருந்தின் மேல் எனக்குப் பிடிப்பு வந்ததே அந்தச் சிலந்தியால்தான். செயற்கை பைரித்ராய்டு அடித்தால் அன்றைக்கே பூச்சி கொட்டும், சரி. கூடவே சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் போய்விடும். இலையுறைக்குள் இருக்கும் முட்டைகள் பொரிந்து வரும்போது தின்பதற்கு ஆள் இருக்காது. புகையான் முன்னைவிட அதிகமாக ஏறும். தூருக்கு, அதாவது குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தாலே மருந்தடிக்க வேண்டும் என்பது பரிந்துரை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்திக்கு அவ்வளவு மதிப்பு.

புப்ரோஃபெசின் (25 எஸ்.சி.) ஏக்கருக்கு 320 மில்லி. தண்ணீரை வடித்துவிட்டு அடித்தூரில் படும்படி அடிக்க வேண்டும்.

அப்புறம், வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தென்றால் பூச்சி தவிர எதையும் தொடாது என்று நான் சொல்வதில்லை. கைட்டினைத் தடுக்கும் டைஃப்ளூபென்சூரான் இறாலுக்கும் நண்டுக்கும் விஷம்; அவையும் ஓட்டைக் கழற்றித்தான் வளர்கின்றன. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் யார் கேட்டாலும், வடிநீர் எந்த வாய்க்காலில் போகிறது, கீழே இறால் பண்ணை இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் மருந்தின் பெயரையே சொல்வேன்.