செவ்வாய், வியாழன், சனி

மே 5, 2024, ஞாயிறு

நீட் தேர்வு எழுதி முடித்தாயிற்று. அம்மா என் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு மாலை வரை வெயிலில் நின்றிருக்கிறாள். இயற்பியலில் அணு பற்றிய ஒரு கேள்வி பஸ்ஸிலும் கூடவே வந்தது.

மே 6, திங்கள்

பிளஸ் டூ முடிவு வந்தது. உயிரியல் 96, வேதியியல் 90, இயற்பியல் 84. உயிரியல் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக. கட் ஆஃப் 183.

அப்பா மார்க் தாளை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட கையில் கனமாக எதையும் தூக்கக் கூடாது. ஒரு தாள்தானே, பரவாயில்லை என்றார்.

மே 7, செவ்வாய்

அப்பாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறும் திங்களும் நடுவில் விழுவதால் செவ்வாய்க்கிழமை எடை எப்போதும் பயமுறுத்தும். டிரை வெயிட், அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடை, 52. இன்று 55.4. இரண்டாவது மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிட்டது, கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. டெக்னீஷியன் அண்ணன் தண்ணீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் விட்டு, காலை நீவிக்கொண்டே மெஷினின் எண்களைப் பார்த்தார். அவர் முகத்தில் பதற்றமே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

மாமா போன் செய்தார். நாமக்கல்லில் ஒரு வருஷம் லாங் டெர்ம் கோச்சிங் சேர்த்துவிடலாம், பணத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். வார்டில் இருக்கிறேன் மாமா, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

மே 11, சனி

தூக்கம் வரவில்லை. பிளஸ் ஒன் விலங்கியலில் கழிவுநீக்கம் பாடத்தை மறுபடி எடுத்தேன். சிறுநீரகங்களில் ரத்தத்திலிருந்து நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டப்படுகிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180 லிட்டர். அதில் ஒன்றரை லிட்டர்தான் வெளியே போகிறது, மற்றதெல்லாம் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், வடிகட்டும் நுண்குழாய்கள். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது வெறும் எண்ணாகத்தான் தெரிந்தது.

டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்துக்கு அந்தப் பக்கம், சவ்வைத் தாண்டி ஓடும் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி. நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். அப்பா குடிக்க ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.

மே 14, செவ்வாய்

அப்பா எடை 56.1. நேற்று ஊரே வெந்தது. அடுப்படிக்குப் போனால் அவர் கண் பானை மேல் போகிறது. அம்மா பானையைக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மே 19, ஞாயிறு

வீட்டில் எல்லோரும் கூடிப் பேசினார்கள். எம்பிபிஎஸ், இல்லையென்றால் பல். அதுவும் இல்லையென்றால் சித்தா. அப்புறம் கால்நடை, வேளாண்மை, பி.பார்ம், நர்சிங், பிசியோதெரபி. அதற்கும் கீழே லேப், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ். கடைசியில், வேறு வழியே இல்லையென்றால், பி.எஸ்சி விலங்கியல். எல்லோரும் ஒரே ஏணியில் மேலிருந்து கீழே இறங்கி வருகிறார்கள். என் மார்க் எந்தப் படியில் நிற்கிறதோ அங்கே என்னை உட்கார வைத்துவிட்டால் சரி.

எந்தப் படிப்பில் தினமும் காலையில் எதைப் பார்ப்பேன், எதைக் கையால் தொடுவேன், எந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வருவேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எனக்கு அது மட்டும்தான் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு நர்சிங். நான்கு வருஷம், கவுன்சில் பதிவு, எங்கே போனாலும் வேலை. அவள் சொல்வதில் தப்பே இல்லை. அப்பாவுக்குக் கால்நடை. பஸ் ஒரத்தநாடு தாண்டும்போதெல்லாம் அங்கே இருக்கிற கால்நடைக் கல்லூரியைச் சொல்லாமல் இருக்க மாட்டார். நீட் வேண்டாம், பிளஸ் டூ மார்க்கே போதும், அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார். ஐந்தரை வருஷம். அந்த ஐந்தரையை அவர் சொன்னபோது அம்மா எழுந்து உள்ளே போனாள்.

மே 21, செவ்வாய்

டெக்னீஷியன் அண்ணனிடம் கேட்டே விட்டேன். "டயாலிசிஸ் டெக்னாலஜி எப்படி இருக்கும்ணே?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஊசி குத்தி முடித்துவிட்டு வந்துதான் பேசினார். மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் பயிற்சி. வேலை கிடைத்துவிடும், ஆரம்பச் சம்பளம் குறைவு. ரொம்ப நாள் இந்தப் படிப்புகளுக்கென்று கவுன்சிலே இல்லாமல் இருந்தது, 2021-ல்தான் சட்டம் வந்தது. "எங்க சேர்ந்தாலும் எம்ஜிஆர் யுனிவர்சிட்டியோட இணைஞ்ச காலேஜான்னு மொதல்ல பாரும்மா. ஆறு மாசத்துல சர்ட்டிபிகேட் தர்றோம்னு சொல்றவன் பக்கமே போகாத."

அப்புறம் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய், தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ அறையைக் காட்டினார். மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மென்நீராக்கி, அதற்கப்புறம் சவ்வு. குடிக்கிற தண்ணீர் சுத்தம் இதற்குப் போதாது. வாரத்துக்கு முந்நூற்றைம்பது லிட்டருக்கு மேல் தண்ணீர் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ரத்தத்தை ஒட்டியே ஓடுகிறது, அதனால் தண்ணீரில் கலக்கிற குளோரமின் என்கிற கிருமிநாசினி கொஞ்சம் தங்கினாலும் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். தினமும் முதல் ஷிஃப்டுக்கு முன்னால் அதைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறார். அந்த நோட்டையும் காட்டினார். எத்தனை பேருடைய உயிர் அந்த நோட்டில் இருக்கிறது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மே 25, சனி

அப்பாவுக்கு ஐஸ் கட்டி ஒன்று. வாயில் வைத்துக் கரைய விடுகிறார். அதையும் அம்மா கணக்கில் எழுதுகிறாள்.

ஜூன் 4, செவ்வாய்

வார்டு டிவியில் தேர்தல் எண்ணிக்கை. 14-ஆம் தேதி வரும் என்றிருந்த நீட் முடிவு இன்று சாயந்திரமே வந்துவிட்டது. 318.

67 பேர் 720-க்கு 720. சிலருக்கு 718, 719. ஒரு கேள்விக்கு நான்கு மார்க், தப்பானால் ஒன்று போகும் என்ற கணக்கில் அந்த எண்கள் வரவே முடியாது. வாட்ஸ்அப்பில் எல்லோரும் கத்துகிறார்கள். அப்பா தூங்குகிறார். மூன்றரை லிட்டர் எடுத்தால் அன்று முழுக்கத் தூக்கம்தான்.

ஜூன் 9, ஞாயிறு

டயாலிசிஸ் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். கோல்ஃப் என்கிற டச்சு டாக்டர். 1943, ஜெர்மன் ராணுவம் பிடித்து வைத்திருந்த ஊரில், சாசேஜ் உறையாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, அதற்குள் ரத்தத்தை ஓட விட்டிருக்கிறார். முதலில் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துபோனார்கள். 1945-ல்தான் ஒரு பெண்மணி பிழைத்தார். இரண்டு வருஷம் கோல்ஃப் எப்படி ஒவ்வொரு காலையும் எழுந்து அந்த உருளையிடம் போனார்?

1960-ல் சியாட்டிலில் ஸ்க்ரிப்னர் என்கிற டாக்டர் டெஃப்லான் குழாயைக் கையிலேயே நிலையாகப் பொருத்தினார், திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்தது. ஆனால் மெஷின்கள் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஊர்க்காரர்களை வைத்து ஒரு குழு போட்டார்கள். வேலை என்ன, குடும்பம் எப்படி, படிப்பு என்ன என்றெல்லாம் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எங்கள் நிலம் ஒன்றே கால் மா, அரை ஏக்கர்கூட இல்லை. அந்தக் குழுவுக்கு முன்னால் அப்பா என்ன சொல்லியிருப்பார்?

இங்கே முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதை யார் கொண்டுவந்தார்கள், எவ்வளவு பேர் சண்டை போட்டு வந்தது என்பதையும் ஒருநாள் படிக்க வேண்டும்.

ஜூன் 12, புதன்

தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் கல்லூரியில் விலங்கியல் கிடைத்தது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். அம்மா அதில் பஸ் செலவைக் கழித்துப் பார்த்தாள். பாராமெடிக்கல் விண்ணப்பமும் போடுகிறேன், அதற்குக் கலந்தாய்வு எப்போது என்று தெரியவில்லை. அதுவரை இது.

ஜூன் 13, வியாழன்

நீட்டில் 1563 பேருக்குக் கொடுத்த கருணை மதிப்பெண் ரத்து. 23-ஆம் தேதி மறுதேர்வு. நான் அதில் இல்லை. அப்பா எடை 54.8.

ஜூலை 11, வியாழன்

கல்லூரியிலிருந்து நேராக வார்டுக்கு வந்தேன்.

இன்று மேடம் பாடத்துக்கு வெளியே ஒன்று சொன்னார். அமெரிக்கப் பாலைவனத்தில் கங்காரு எலி என்று ஒன்று இருக்கிறது, அது தண்ணீரே குடிக்காமல் வாழும். காய்ந்த விதை தின்கிறது, உணவு உடம்பில் எரியும்போது உண்டாகிற நீர் அதற்குப் போதும். நெஃப்ரானில் இருக்கிற ஹென்லே வளைவு அதற்கு அவ்வளவு நீளம், சொட்டு வீணாகாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். பகலில் வளைக்குள் இருந்துவிடும். பறவையும் பல்லியும் கழிவை யூரிக் அமிலமாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கின்றன. கடல் மீன் தண்ணீருக்குள்ளேயே இருந்தும் தண்ணீர் பற்றாமல் உப்பு நீரைக் குடித்து உப்பைச் செவுள் வழியே தள்ளுகிறது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. தாகத்தைப் பற்றி இத்தனை விதமாக விடை எழுதி வைத்திருக்கிறது இந்த உலகம். இதைத்தான் படிக்க வேண்டும், வேறு எதையும் வேண்டாம் என்று இருந்தது. வார்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த நிச்சயம் போய்விட்டது. பி.எஸ்சி, எம்.எஸ்சி, அப்புறம் நெட் தகுதித் தேர்வு, அப்புறம் பிஹெச்டி. அதுவரை வீட்டை யார் பார்ப்பது?

அப்பாவிடம் எலியைச் சொன்னேன். "தண்ணியே குடிக்காதா பாப்பா? நெசமாவா?" என்று ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 20, சனி

நான் டயாலிசிஸ் டெக்னாலஜிக்கும் விண்ணப்பித்திருப்பதை அண்ணன் அப்பாவிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அப்பா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது, "நான் ஒருத்தன் இங்க வந்து கெடக்குறது பத்தாதா? ஒன் ஆயுசு பூரா இந்த ரூம்லயா போகணும்?" என்றார்.

அந்த அறையை அவர் கட்டிலிலிருந்து பார்க்கிறார். நான் ஆர்ஓ அறைப் பக்கமிருந்து பார்க்கிறேன். இதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஜூலை 23, செவ்வாய்

மறுபடி நீட் தேர்வு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாமா திரும்ப நாமக்கல். வேண்டாம் மாமா என்று முதல் தடவையாகத் தெளிவாகச் சொன்னேன். கோபம் இல்லை அவருக்கு, வருத்தம்தான்.

ஜூலை 26, வெள்ளி

அந்த அணுக் கேள்வி. பழைய புத்தகப்படி எழுதியவர்களுக்கும் கொடுத்திருந்த மார்க்கை எடுத்துவிட்டார்கள். நான்கும், கூடவே மைனஸ் ஒன்றும். 313. என்னிடம் இருந்தது சீனியர் அக்கா கொடுத்த பழைய புத்தகம். லட்சக்கணக்கானவர்களுக்கு ஐந்து ஐந்தாகப் போயிருக்கிறது. 318-ஐ வைத்தும் ஒன்றும் நடந்திருக்காது, ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

டிரை வெயிட்டை 51.5 ஆக்கியிருக்கிறார்கள். உடம்பில் சதை குறைகிறது என்று அர்த்தம். இட்லியோடு முட்டை வெள்ளை கூடுதலாக ஒன்று. கீரையை நறுக்கி ஊற வைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேக வைத்து வடித்து, பொட்டாசியத்தோடு ருசியும் போய்விடுகிறது. ஒரு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மேடமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டயாலிசிஸ் படித்து வேலைக்குப் போய்க்கொண்டே பிறகு உடலியங்கியல் பக்கம் வர முடியுமா என்று கேட்டேன். வழி சுற்றுதான், ஒவ்வொரு இடத்திலும் தகுதி என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. கங்காரு எலி பற்றிய கட்டுரை ஒன்றைத் தேடித் தருகிறேன் என்றார்.

ஆகஸ்ட் 3, சனி

முதல் ஷிஃப்டுக்கு முன்னால் போனோம். அண்ணன் குளோரின் சோதனை செய்யும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். எடை 54. அப்பா கட்டிலில் இருந்தபடியே கண்ணாடி வழியாக எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தும்போதும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

கலந்தாய்வுக்கு அசல் சான்றிதழ்கள் வேண்டும் என்று கல்லூரி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். எந்தப் படிப்புக்கு என்று ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன். அடியில் பெற்றோர் கையெழுத்து கேட்டிருக்கிறது. நாளை வார்டில் அப்பாவிடம் கொடுப்பேன்.