சோல்டரிங் அயனின் சூட்டை அளக்கும் மலிவு மீற்றர்: எவ்வளவு நம்பலாம், பற்றரி எத்தனை நாள் நிற்கும்

சோல்டரிங் ஸ்ரேஷன், அதாவது சூட்டை எண்ணில் காட்டிக் கட்டுப்படுத்தும் அயன், 350 பாகை என்று காட்டும். முனையில் 310 இருக்கலாம், 380 உம் இருக்கலாம். ஸ்ரேஷன் படிப்பது சூடாக்கிக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சரை. ஈயம் உருகுவதோ முனையின் நுனியில். சாதாரண 40 வாற் அயன் என்றால் அந்த எண்ணும் கிடையாது. வன்னியில் லைனின் கடைசித் தூணில் இருக்கும் கடைக்கு 230 வோல்ற் வராமல் 200 வந்தால், அயனின் வலு வோல்ற்றளவின் வர்க்கப்படி இறங்கும். 200/230 இன் வர்க்கம் 0.756. கையில் பிடித்திருக்கும் 40 வாற் அயன் அப்போது 30 வாற் அயன். அதனால் முனைச் சூட்டை அளக்கும் மீற்றர் ஒன்று போன் திருத்துபவருக்கும் இன்வேற்றர் போட் பார்ப்பவருக்கும் கட்டாயம் வேண்டும்.

இப்போது கடைகளில் கிடைக்கும் மலிவு மீற்றர்களில் பெரும்பாலானவை ஜப்பானின் ஹக்கோ எஃப்ஜி-100 ஐப் பார்த்துச் செய்தவை. மூல மீற்றருக்குச் சொல்லப்பட்ட துல்லியம் 300 முதல் 600 பாகை வரை ±3, மற்ற இடங்களில் ±5. பிரதியின் பெட்டியிலும் அதே வரியை அச்சடித்திருப்பார்கள். பெட்டியில் இருப்பதற்காக நம்பவும் வேண்டாம், மலிவு என்பதற்காகத் தூக்கி எறியவும் வேண்டாம். சோதித்துப் பார்க்கலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

பிழை வரக்கூடிய இடங்கள் மூன்று: மீற்றரின் மின்சுற்று, மேலே மாட்டிய சென்சர், முனையும் சென்சரும் தொடும் இடம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பாவம் ஓரிடம், பழி ஓரிடம் ஆகிவிடும். பெரும்பாலான பிழை மூன்றாவது இடத்தில்தான் பிறக்கிறது. பழியை வாங்குவது மீற்றர்.

மின்சுற்று

சென்சரைக் கழற்றிவிட்டு, மீற்றரில் அது மாட்டியிருந்த சிவப்பு முனையையும் நீல முனையையும் ஒரு செப்புக் கம்பித் துண்டால் இணையுங்கள். திரையில் அறை வெப்பநிலை வரவேண்டும். சென்சர் கே வகை வெப்பவிணை, அதாவது நுனியில் சேர்த்த இரண்டு வேறு உலோகக் கம்பிகள். அது சூடான நுனிக்கும் மீற்றரில் மாட்டிய இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே தருகிறது. மாட்டிய இடத்தின் சூட்டை மீற்றரே உள்ளே அளந்து கூட்டிக்கொள்ளும். இதுதான் குளிர்ச்சந்தி ஈடு. தகரக் கூரைக்குக் கீழே பங்குனி சித்திரை வெயிலில் அறை 35 பாகை என்றால் மீற்றரும் 35 ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 25 என்றே நின்றால் ஈடு வேலை செய்யவில்லை, ஒவ்வொரு அளவும் 10 பாகை குறைவாக வரும். மீற்றரை அரை மணி நேரம் மேசையில் வைத்து, கை படாமல், அயன் தாங்கியிலிருந்து இரண்டு சாண் தள்ளி இதைச் செய்யுங்கள். உள்ளங்கைச் சூடே சில பாகை பிசகு தரும்.

அடுத்தது, தெரிந்த மில்லிவோல்ற் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது. கே வகையின் அட்டவணைப்படி 300 பாகைக்கு 12.209 மில்லிவோல்ற், 350 க்கு 14.293, 400 க்கு 16.397. இவை குளிர்ச்சந்தி 0 பாகையில் இருக்கும்போது. அறை 30 என்றால் 1.203 ஐக் கழியுங்கள், 35 என்றால் 1.407 ஐ. ஆக 30 பாகை அறையில் 11.006 மில்லிவோல்ற் கொடுத்தால் மீற்றர் 300 காட்ட வேண்டும், 13.090 க்கு 350, 15.194 க்கு 400.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாதாரண மல்ரிமீற்றரின் 200 மில்லிவோல்ற் வீச்சில் கடைசி இலக்கம் 0.1. கே வகைக்கு அது இரண்டரைப் பாகை. அவ்வளவு கரடான அளவுகோலால் மற்றொன்றை அளக்க முடியாது. வழி இதுதான்: ஒரே பட்டியிலிருந்து பத்து 100 ஓம் தடைகளை வெட்டி எடுத்து, ஓம்மீற்றரில் ஒத்துப் பார்த்துத் தொடராக இணையுங்கள். அதற்கு மேல் 8.2 கிலோ ஓம் தடை ஒன்றும் 10 கிலோ ஓம் பல சுற்றுப் பிரிசெற் (திருகித் திருப்பி மாற்றும் தடை) ஒன்றும் தொடராக. ஊட்டுவது ஒரு 1.5 வோல்ற் பென் பற்றரி. மல்ரிமீற்றரைப் பத்துத் தடைகளுக்கும் குறுக்கே வைத்துப் பிரிசெற்றைத் திருப்பி 110.1 மில்லிவோல்ற் எடுங்கள். ஒரு தடைக்குக் குறுக்கே இருப்பது அதில் பத்தில் ஒன்று, 11.01. அந்த ஒரு தடையிலிருந்துதான் செப்புக் கம்பி இரண்டு மீற்றருக்குப் போகிறது. இப்போது கடைசி இலக்கம் கால் பாகைக்குச் சமம். மல்ரிமீற்றரின் சொந்தப் பிழை 0.5% என்றால் 300 பாகையில் அது ஒன்றரைப் பாகை அளவு. இந்த வேலைக்கு அது போதும்.

300 இலும் 400 இலும் ஒரே அளவு பிசகினால் குளிர்ச்சந்தியில் பிழை. சூடு கூடக் கூடப் பிசகும் கூடினால் பெருக்கத்தில், அதாவது மில்லிவோல்ற்றை எத்தனை மடங்காக்குகிறது என்பதில், பிழை. உள்ளே சிறு பிரிசெற் இருக்கும் மொடல்களில் பெருக்கப் பிழையைத் திருத்தலாம். இல்லாதவற்றில் பிசகை ஒரு ஸ்ரிக்கரில் எழுதி முதுகில் ஒட்டிவிடுங்கள். நிலையாக 4 பாகை கூட்டிக் காட்டும் மீற்றர் நல்ல மீற்றர். ஒரு நாள் 4, மறுநாள் 12 என்று ஆடுவதுதான் உதவாது.

மில்லிவோல்ற் கட்டப் பொறுமை இல்லாதவர்கள் மல்ரிமீற்றருடன் வரும் கே வகைக் கம்பியைச் சிவப்பு நீல முனைகளில் மாட்டி ஐஸ் தண்ணீரிலும் கொதிநீரிலும் பார்க்கலாம். மீன் பெட்டி ஐஸ் வேண்டாம். உப்புப் பட்ட ஐஸ் 0 பாகைக்குக் கீழே போய்விடும். கார் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீரை உறைய வைத்து, நொறுக்கி, ஐஸ் அதிகமும் தண்ணீர் குறைவுமாக வைத்துக் கிளறுங்கள். கொதிநீருக்கும் அதே தண்ணீர்தான். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு கொதிநிலையைப் பெரிதாக மாற்றாது, ஆனால் கம்பியில் வெள்ளையாகப் படிந்துவிடும். வன்னி தாழ்ந்த நிலம். வவுனியா நகரின் உயரத்துக்கும் கொதிநிலை அரைப் பாகைகூடக் குறையாது, 100 என்றே எடுக்கலாம். மீற்றரை மட்டும் ஆவிக்கு மேல் பிடிக்காதீர்கள். மாட்டிய முனைகள் சூடேறினால் அளவு குறைந்து வரும். கம்பி எட்டவில்லை என்று நடுவில் செப்பு வயரால் நீட்டுவதும் பிழை. குளிர்ச்சந்தி அந்த ஒட்டுக்கு இடம்மாறிவிடும்.

சென்சர்

மூன்று கால்களில் தொங்கும் சின்னப் பொட்டு, அதுதான் சென்சர். மலிவுப் பொதியில் பத்தாக வரும். உண்மையிலேயே கே வகையா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். கே வகையின் எதிர்க்கம்பி அலுமெல், அறைச் சூட்டில் காந்தம் அதை இழுக்கும். நேர்க்கம்பி குரோமெலை இழுக்காது. பழைய இயர்போன் காந்தத்தைக் கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எந்தக் கால் அசைகிறது என்பது தெரியும். சூடாக்கும்போது எண் இறங்கினால் சிவப்பும் நீலமும் மாறி மாட்டப்பட்டிருக்கின்றன.

இனி மின்சுற்றையும் சென்சரையும் தொடுகையையும் ஒரே தடவையில் பார்க்கும் சோதனை. தேவையானது 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% ஈயம் கலந்த சோல்டர் கம்பி) மட்டும். 60/40 வேண்டாம். 63/37 சரியாக 183 பாகையில் ஒரேயடியாக உறையும். 60/40 கிட்டத்தட்ட 190 இல் தொடங்கி 183 வரை களியாக நின்று உறையும், கண்ணால் பிடிக்க முடியாது. முனையைத் துடைத்து, புது ஈயம் வைத்து, சென்சரில் தொட்டு, இரண்டுக்கும் இடையில் மிளகு அளவு ஈயத் துளி நிற்கச் செய்யுங்கள். அயனைத் தாங்கியில் அசையாமல் இருத்தி, மின்சாரத்தை நிறுத்துங்கள். எண் இறங்கும்: 260, 230, 200. துளி கண்ணாடி போல் மினுங்கிக்கொண்டிருக்கும். உறையும் கணத்தில் அந்த மினுக்கம் ஒரு ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டு வரும், தோல் சுருங்குவது போல. அப்போது திரையில் என்ன எண்? 180 க்கும் 186 க்கும் இடையில் என்றால் இந்த விலைக்கு மிக நல்லது. 170 என்றால் மீற்றர் 13 குறைவாகப் படிக்கிறது. மூன்று தடவை செய்து நடு எண்ணை எடுங்கள்.

ஒன்றை மறக்கவே கூடாது. ஈயம் உறைந்ததும் முனையும் சென்சரும் ஒன்றாக ஒட்டியிருக்கும். இழுத்தால் முடி போன்ற கால் அறுந்துவிடும். அயனை மறுபடி சூடாக்கி, துளி உருகிய பிறகே எடுக்க வேண்டும்.

இரண்டாவது புள்ளி வேண்டுமென்றால் 99.3% வெள்ளீயமும் 0.7% செம்பும் கலந்த ஈயமில்லாக் கம்பியில் இதையே செய்யுங்கள், உறைநிலை 227. வெள்ளீயம் அதிகமான கலவை உறையாமல் சில பாகை கீழே போய், பிறகு திடீரென்று மேலே ஏறி நிற்கும். ஏறி நிற்கும் எண்ணையே எடுக்க வேண்டும். இந்தக் கலவை சென்சரையும் வேகமாக அரிக்கும், பழைய சென்சர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள்.

சென்சர் தேயும் பொருள். சோல்டர் ஒட்ட உதவும் பிளக்ஸ் கருகிப் படியும், ஈயம் உலோகத்தை உண்ணும். கத்தியால் சுரண்டாதீர்கள். புதிய சென்சர் ஒன்றை எடுத்து, அதே அயனில் அதே இடத்தில் பழையதோடு ஒப்பிட்டு, 5 பாகைக்கு மேல் வித்தியாசம் வந்தால் பழையதை எறிந்துவிடுங்கள்.

தொடுகை

உலர்ந்த முனையை உலர்ந்த சென்சரில் தொட்டால் 30, 40 பாகை குறைவாகக் காட்டுவது புதுமை இல்லை. இடையில் காற்று. புது ஈயம் இருக்க வேண்டும், எண் நிற்கும்வரை சில விநாடி பொறுக்க வேண்டும். ஊசி முனையில் அளவு குறைவாகவே வரும், ஏனென்றால் சென்சரின் கால்கள் சூட்டை இழுக்கின்றன, மெல்லிய முனையால் அதை ஈடு செய்ய முடியாது. ஒப்பிடுவதென்றால் உளி முனையில் ஒப்பிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், சோளகம் வீசும் மாதங்களில் ஜன்னலையும் சாத்துங்கள்.

எண் காரணமில்லாமல் துள்ளினால் அயனின் எர்த்தைப் பாருங்கள். இரண்டு முள் பிளக்கில் ஓடும் அயனின் முனையில் கசிவு மின் இருக்கும். பிளக்கை ஒரு கணம் கழற்றுங்கள். துள்ளல் உடனே நின்றால் குற்றம் மீற்றரில் இல்லை.

பற்றரி

மீற்றர் எவ்வளவு மின் குடிக்கிறது என்று பார்க்க, 9 வோல்ற் பற்றரியைத் திருப்பி, கொழுவியில் ஒரு முனையை மட்டும் கொழுவி, மற்ற முனைக்கு நடுவில் 10 ஓம் தடை ஒன்றை வையுங்கள். தடைக்குக் குறுக்கே 10 மில்லிவோல்ற் என்றால் ஓடுவது 1 மில்லி அம்பியர். மீற்றரை அணைத்து, 10 ஓமை எடுத்து 1 கிலோ ஓம் வையுங்கள். இப்போது 50 மில்லிவோல்ற் வந்தால், அணைத்த நிலையிலும் 50 மைக்ரோ அம்பியர் கசிகிறது.

சாதாரண கார்பன் சிங்க் 9 வோல்ற் பற்றரியில் ஏறக்குறைய 400 மில்லி அம்பியர் மணி உண்டு, அல்கலைனில் 550 அளவு. மீற்றர் 7 வோல்ற் வரைதான் ஒழுங்காகப் படிக்கும் என்பதால் கார்பன் பற்றரியில் பாதியைக் கணக்கில் எடுப்போம். 1 மில்லி அம்பியருக்கு 200 மணி. நாளுக்கு 5 நிமிடம் பயன்படுத்தினால் அது ஆண்டுக்கணக்கில் வரும், அதற்கு முன் பற்றரி தானாகவே வயதாகிவிடும். ஒரு தடவை அணைக்க மறந்தால் எட்டு நாளில் முடிந்தது. பின்விளக்கு உள்ள மீற்றர் 5 மில்லி அம்பியர் குடித்தால் இரண்டு நாளுக்குள் தீரும். 50 மைக்ரோ அம்பியர் கசிவு பெட்டிக்குள் இருந்தபடியே ஐந்தரை மாதத்தில் தின்றுவிடும். ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியது வேலை செய்யும்போது குடிக்கும் மின்னை விட, தானாக அணையுமா, அணைத்த பின் கசிகிறதா என்பதை.

பற்றரி தளரும்போது அளவு பொய் சொல்லத் தொடங்குவதுதான் ஆகப் பெரிய ஆபத்து. இலக்க மீற்றர்களில் வோல்ற்றை எண்ணாக்கும் 7106 வகைச் சிப்பில் அளவுகோலாக நிற்கும் உள் வோல்ற், மொத்த ஊட்டல் 7 வோல்றுக்கு மேலே இருக்கும்வரைதான் உறுதியாக நிற்கும். போட்டில் சிப்பை மூடியிருக்கும் கறுப்புப் பொட்டுக்குள் என்ன சிப் இருந்தாலும் சோதனை ஒன்றுதான். மோட்டார் சைக்கிளின் 12 வோல்ற் பற்றரி, வோல்ற்றைச் சீராக்கும் எல்எம்317 சிப், 120 ஓம் தடை, 1 கிலோ ஓம் பிரிசெற் இவற்றால் மாற்றக்கூடிய ஊட்டல் ஒன்று செய்யுங்கள். மேலே கட்டிய மில்லிவோல்ற் சுற்றில் 300 பாகையை நிறுத்தி வைத்து, ஊட்டலை 9 இலிருந்து 8, 7.5, 7, 6.5 என்று இறக்குங்கள். எந்த வோல்ற்றில் எண் நகர்கிறது, எந்த வோல்ற்றில் பற்றரி அடையாளம் வருகிறது என்று குறியுங்கள். அடையாளம் முதலில் வந்தால் மீற்றர் நேர்மையானது. எண் முதலில் நகர்ந்தால் அடையாளத்தை நம்பாமல், அந்த வோல்ற்றுக்கு அரை வோல்ற் மேலேயே பற்றரியை மாற்றுங்கள்.

7.2 வோல்ற் என்று எழுதிய ரீசார்ஜ் பற்றரி தொடக்கத்திலேயே எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும், எடுக்க வேண்டாம். யூஎஸ்பியில் சார்ஜ் செய்யும் 9 வோல்ற் பற்றரிகள் சிலவற்றில் உள்ளே வோல்ற்றை உயர்த்தும் சுற்று இருக்கிறது. அதன் சிற்றலை கடைசி இலக்கத்தை ஆட்டும். சாதாரண அல்கலைன்தான் எங்கள் தெரிவு. பல வாரம் அளக்கப் போவதில்லை என்றால் அதையும் கழற்றி வையுங்கள், தகரக் கூரைச் சூட்டில் ஒழுகும் பற்றரி கொழுவியைப் பச்சையாக அரித்துவிடும்.