ராணுவத்தில் ஐம்பது, ஆஸ்பத்திரியில் எத்தனை?

வட சென்னையில் முன்னாள் படைவீரர்களுக்கு வீட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி என்று எங்கிருந்து வந்தாலும் அவர்கள் பையில் டிஸ்சார்ஜ் புத்தகமும் பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையும் பத்திரமாக இருக்கும். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் வீடு கேட்க அவை மட்டும் போதாது என்று சொல்வதுதான் என் வேலையிலேயே கஷ்டமான பகுதி.

முழங்காலில் காயத்தோடு திரும்பிய ஹவில்தார் ஒருவர் கேட்டார்: "ஆர்மி டாக்டரே எழுதிக் குடுத்தது தம்பி, இதுக்கு மேல இன்னா வேணும்?"

நியாயமான கேள்வி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37, அரசு வீட்டுத் திட்டங்களில் 5 சதவீத ஒதுக்கீடு தருகிறது. அதற்குக் குறைந்தது 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். அரசு மருத்துவமனைச் சான்றும் வேண்டும். ராணுவக் கணக்கு வேறு. அங்கே பொதுவாக 20 சதவீதம் இருந்தாலே ஊன ஓய்வூதியம் உண்டு. 50-க்குக் கீழே இருப்பதை 50 என்று உயர்த்தித்தான் தொகை போடுகிறார்கள். இவருடைய பி.பி.ஓ.வில் 50 என்று இருந்தது. ஊனத்தை அளந்த ராணுவ மருத்துவக் குழுவின், அதாவது மெடிக்கல் போர்டின், காகிதத்தைப் பிரித்தால் 30. அதனால் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்த போர்டு காகிதத்தைத்தான்.

ஆனால் 30 என்பதோடு கதை முடிந்துவிடாது. ராணுவ போர்டு பார்த்தது அன்று இருந்த முழங்காலை. வயது ஏறி மூட்டு தேய்ந்திருக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போய் இன்றைய நிலையைப் பரிசோதிக்கச் சொன்னேன். புதுச் சான்றில் பாதிப்பு நாற்பது சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

அடுத்த தடை வருமானம். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வரம்பு 3 லட்சம், அதாவது மாதம் 25,000. சாதாரண ஓய்வூதியத்தோடு ஊனத்துக்கான தொகையும் சேர்ந்தால் பலர் வரம்பைத் தாண்டிவிடுகிறார்கள். காயத்துக்குத் தரும் ஈட்டுத்தொகையைச் சம்பாத்தியமாகப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. ஊனத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஊன ஓய்வூதியத்துக்கு வருமான வரியே கிடையாது. அமெரிக்காவில் வீடற்ற படைவீரர்களுக்கான வாடகை உதவிக்குத் தகுதி பார்க்கும்போது இந்தத் தொகையைச் சேர்க்கக் கூடாது என்று 2024-இல் விதியை மாற்றினார்கள். இங்கேயும் மாற வேண்டும்.

ஹவில்தாரின் வருமானம் வரம்புக்குள் இருந்ததால் விண்ணப்பம் போய்விட்டது. தரைத்தளம் வேண்டும் என்று தனிக்கடிதமும் வைத்தோம். புளியந்தோப்பு போன்ற இடங்களில் இப்போது வீடுகள் அடுக்கடுக்காக உயர்கின்றன. லிப்ட் நின்றுபோனால் அவரால் படி ஏற முடியாது.