வராண்டாவுக்கு வலை அடிச்சது, பூனை கிழிச்சது, திரும்ப அடிச்சது

மூணு பக்கமும் திறந்த வராண்டா, வீட்ல பஞ்சுன்னு ஒரு பூனை, கருப்பன்னு ஒரு நாய். பஞ்சுவுக்கு எப்பவும் வெளிய எட்டிப் பாக்கணும், கருப்பனுக்கு பாத்தா பத்தாது, ஓடணும். சாயங்காலம் ஆனா கொசு வேற. கொசு மூலமா நாய்க்கு ஹார்ட்வார்ம் வரும், இதயத்துலயும் நுரையீரல் ரத்தக்குழாய்லயும் போய் உக்காந்துக்குற புழு, அதனால வலை போட்டாலும் மாத்திரைய நிறுத்தாதீங்கன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டாங்க. சரி, வலைய நாமளே அடிச்சிருவோம்னு இறங்குனேன்.

முதல் ரவுண்டு சாதாரண ஃபைபர் கிளாஸ் கொசுவலை. அலுமினிய பிரேம்ல ஓரமா ஒரு பள்ளம் ஓடும், வலைய மேல விரிச்சு ரப்பர் பீடிங்க, அதான் கயிறு மாதிரி நீளமான ரப்பர், சின்ன சக்கரம் வச்ச ரோலரால அழுத்திக்கிட்டே போனா வலை உள்ள மாட்டிக்கும், அவ்ளோதான். பாக்க பளிச்சுன்னு இருந்துச்சு, ரெண்டு மூணு பேருக்கு போட்டோ கூட அனுப்பிட்டேன்.

நாலாம் நாள் வலைக்கு அந்தப் பக்கம் ஒரு பல்லி. பஞ்சு ஒரே தாவு, நாலு காலும் வலையில, ஒரு நிமிஷம் அப்படியே தொங்குது. நகம் மாட்டுன எடத்துல முதல்ல ஒரு இழை நீண்டுச்சு, அப்புறம் பக்கத்து இழை, அப்புறம் டர்ருன்னு கீழ வரைக்கும் ஒரு கோடு. பல்லி சாவகாசமா நடந்து போயிருச்சு.

ரெண்டாவது ரவுண்டுக்கு பெட் (pet) மெஷ், அதாவது நாய் பூனை இருக்கற வீட்டுக்குன்னே வர்ற வலை, வாங்குனேன். பாலியஸ்டர் நூல் மேல வினைல் பூசுனது, இழை நல்லா தடிமன். இங்கதான் ஒரு மணி நேரம் வீணாப்போச்சு, பழைய பீடிங்க வச்சே அழுத்துறேன், உள்ள போகவே மாட்டேங்குது, ரோலர் வழுக்கி என் கட்டைவிரல்ல ஏறுது. வலை தடிச்சா பள்ளத்துல மிச்ச எடம் கம்மி, அப்ப பீடிங் ஒரு சைஸ் மெல்லிசா வேணும். மாத்துன உடனே வெண்ணெய்ல கத்தி மாதிரி எறங்குச்சு.

அடுத்த தப்பு, தொங்கக்கூடாதேன்னு விறைப்பா இழுத்துட்டேன். மறுபக்கம் பீடிங் ஏறுனதும் பிரேம் நடுவுல இடுப்பு சிறுத்துப் போச்சு, டேப் வச்சு பாத்தா மேல கீழ இருக்கறத விட நடுவுல 6 எம்எம் கம்மி. பிரிச்சுட்டு, உள் அகலத்துக்கு சரியா ஒரு ரீப்பர் கட்டைய அறுத்து நடுவுல முட்டுக் கொடுத்துட்டு மறுபடி அடிச்சேன். வலைய கையால லேசா சுருக்கம் போக தடவுனா போதும், மிச்ச விறைப்ப பீடிங்கே இழுத்துக்கும். ஓரத்துல மிச்ச வலைய பிளேடால வெட்டும்போது முனை வெளிப்பக்கம் சாஞ்சிருக்கணும், நான் உள்பக்கம் சாய்ச்சு ஒரு மூலைய காலி பண்ணேன், அது தனி சோகம்.

எல்லா பக்கத்துக்கும் இந்த வலை வேணுமான்னா வேண்டாம்னுதான் சொல்வேன். தடிச்ச வலையில காத்தும் வெளிச்சமும் கொஞ்சம் குறையுது. கருப்பன் கால் தூக்கி பிராண்டுறதே 3 அடிக்குள்ளதான், அதனால அந்த உயரத்துல குறுக்கு சட்டம் கொடுத்து கீழ பெட் மெஷ், மேல சாதா வலை. பஞ்சு உக்காருற ஒரு பக்கம் மட்டும் முழுசா பெட் மெஷ். வலை கருப்பு கலரா வாங்குங்க, வெள்ளையும் சாம்பலும் வெயில்ல கூசும், வெளிய ஒண்ணும் தெரியாது. ஒரு உண்மை என்னன்னா, தடிச்ச இழையில பூனைக்கு பிடிமானம் இன்னும் நல்லா கிடைக்குது, பஞ்சு இப்ப ஏணி மாதிரி ஏறுது! ஆனா கிழியல. உள்பக்கம் ஒரு பலகை அடிச்சு வச்சதும் பாதி நேரம் அதுலயே படுத்துக்குது.

கதவ உள்பக்கம் திறக்குற மாதிரி மாட்டியிருக்கேன், கருப்பன் முட்டுனா கதவு நிலையோட இன்னும் இறுகுமே தவிர திறக்காது. அடியில 15 எம்எம் சந்து, கொசு ராஜபாட்டையா வந்துச்சு, பிரஷ் பட்டி ஒட்டுனேன். பாக்கி இருக்கறது ஸ்பிரிங் கீல் மட்டும், ரொம்ப வேகமா அடிச்சு மூடுது, நேத்து வால் நுனி மாட்டி கருப்பன் போட்ட சத்தத்துல பஞ்சு வலை உச்சிக்கே ஏறிட்டா, எறக்க ஸ்டூல் போட வேண்டியதாப்போச்சு.